பேய்க்குப் பின்னால் இருந்த அலமாரி

பேய்ப்படம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய், பயமுறுத்தாமல் திருப்பி அனுப்புவது பொதுமக்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்பதை அரசாங்கம் ஒருநாள் உணர்ந்தது. உணர்ந்த வேகத்தில் ஓர் ஆணையும் பிறந்தது. அதன்படி, ‘திகில்’ என்று சுவரொட்டியில் போட்டுக்கொள்ள விரும்பும் எந்தப் படமும், திரைப்படத் தரப் பகுப்பு அலுவலகத்தின் அச்சப் பிரிவில், பொறுப்புள்ள அதிகாரி ஒருவரை மூன்று இடங்களில் பயமுறுத்திக் காட்ட வேண்டும். காட்டினால் ‘அச்சம் மெய்’ என்று முத்திரை. தவறினால் ‘குடும்பச் சித்திரம்’ என்று வகை மாற்றி வெளியிட்டுக்கொள்ளலாம்.

அச்சப் பிரிவுக்கு ஐந்து பணியிடங்கள். நான்கு காலி. ஐந்தாவதில் இருந்தவரை எல்லோரும் அச்சம் சார் என்றே அழைத்தார்கள். இருபத்தெட்டு வருஷம் மேலதிகாரிகளுக்குக் கீழே வேலை பார்த்தவர் ஆதலால், பயப்படுவதற்கு வேண்டிய தகுதி அவரிடம் தானாகவே சேர்ந்திருந்தது. பக்கத்து அறையில் நகைச்சுவைப் பிரிவு. அங்கே இருந்தவர் பதவி உயர்வு கிடைக்காத கோபத்தில் ஒன்பது வருஷமாகச் சிரிக்கவில்லை. அந்த ஒன்பது வருஷமும் நாட்டில் சட்டப்படி ஒரு நகைச்சுவைப் படம்கூட வெளிவரவில்லை.

அச்சம் சார் அப்படிப்பட்டவர் அல்லர். விரலில் கருவியை மாட்டிக்கொண்டு உட்காருவார். பக்கத்தில் செவிலியர் ஒருவர் நாடித்துடிப்பைக் குறித்துக்கொண்டே வருவார். துடிப்பு நூற்றைத் தாண்டினால் ஒரு பயம். பத்து வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடப் பொய்யாகப் பயந்ததில்லை. தனக்கு நேர்மை என்று ஏதாவது மிச்சமிருந்தால் அது இந்த ஒரு விஷயத்தில்தான் என்று அவருக்கே தெரியும். அதனால் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேர்மைக்குச் சோதனை, மனைவியின் தம்பி உருவத்தில் வந்தது. அவன் ஒரு பேய்ப்படம் எடுத்திருந்தான். பெயர் ‘கதவுக்குப் பின்னால் கதவு’. உறவினர் படத்தை அதிகாரி பரிசீலிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. உறவினர் யார் யார் என்ற பட்டியலும் இருக்கிறது. ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் அதில் இருந்தார்கள். மனைவியின் தம்பி மட்டும் இல்லை. மனைவியின் தம்பி உறவினர் அல்லர் என்று அரசாங்கமே முடிவு செய்திருந்த சங்கதியை அச்சம் சார் வீட்டில் இதுவரை சொன்னதில்லை.

“என்னங்க, நாளைக்குத் தம்பி படமாமே?” என்றாள் மனைவி.

“ஆமா.”

“நல்லாப் பயப்படுங்க.”

“பயம் வந்தா பயப்படுவேன்.”

“வராட்டி? அவனுக்கும் நாப்பது ஆகுது. அச்சகம் வச்சான், கோழிப்பண்ணை வச்சான், ஒண்ணும் ஒட்டலை. இதுவும் போச்சுன்னா எங்க வந்து உட்காருவான்னு நினைக்கிறீங்க?”

அவர் நினைத்துப் பார்த்தார். வீட்டில் சாய்ந்து உட்காரத் தோதான நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் இப்போது அவர் உட்கார்ந்திருந்தார்.

“உத்தியோகத்துல என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?”

“பொய்யெல்லாம் வேண்டாம். என்னைப் பார்த்து எப்படிப் பயப்படுறீங்களோ, அதுல பாதி போதும்.”

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் படம் தொடங்கியது. சிறிய முதலீட்டில் எடுத்த படம் என்பது முதல் காட்சியிலேயே விளங்கிவிட்டது. ஒரு கதாநாயகி, ஒரு பேய், ஒரு கதவு. ஒரே கதவை நாலு பக்கத்திலிருந்து எடுத்து நாலு கதவாக நடிக்க வைத்திருந்தார்கள். இருந்தவர்களில் கதவின் நடிப்புதான் தேவலை. பேய் ஒரு போர்வையைத் தலையோடு போர்த்தியிருந்தது. பூப்போட்ட போர்வையை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று உள்பக்கம் வெளியே வரும்படி போர்த்தியிருந்தாலும், பூக்கள் மறுபக்கமும் தெரிந்தன. அச்சம் சாருக்கு அந்தப் பூக்களைத் தெரியும். போன மாதம் அவர் வீட்டுக் கொடியிலிருந்து காணாமல் போனவை.

“யார் நீ?” என்று கேட்டாள் கதாநாயகி.

“சொன்னா நீ பயந்துடுவே” என்றது பேய்.

“பரவாயில்லை, சொல்லு.”

பேய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னது. பதினேழு நிமிஷம் சொன்னது. சொத்துத் தகராறு, சித்தப்பாவின் துரோகம், அதில் யார் யாருக்கு என்ன பங்கு என்று ஒன்று விடாமல் சொன்னது. கடைசியில் கதாநாயகி, “அப்போ உங்க மேல தப்பே இல்லையே!” என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பேய் போர்வையை விலக்காமல் குடித்தது.

நாடித்துடிப்பு எழுபத்திரண்டில் தொடங்கி, எழுபதுக்கு வந்து, அறுபத்தாறுக்கு இறங்கி, அறுபத்தொன்றில் நின்றது.

“சார், இதுக்கும் கீழ போனா நான் டாக்டரைக் கூப்பிடணும்” என்று செவிலியர் கவலையோடு சொன்னார். “படம் ஆபத்தா இருக்கு.”

பின்வரிசையில் மைத்துனன் நகம் கடிக்கும் சத்தம் கேட்டது. பயப்பட்டுத் தொலைக்கக் கூடாதா என்று அச்சம் சார் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். முடியவில்லை. கொட்டாவிதான் வந்தது.

திரையில் பேய் தன் பழைய புகைப்படத்தைத் தேடி ஓர் அறைக்குள் போயிற்று. பேய்க்கு எதற்குப் புகைப்படம் என்று படம் சொல்லவில்லை. வரிசை வரிசையாக அலமாரிகள். பேய் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அவற்றின் ஓரமாக நடந்து, திரைச்சட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. ஒளிப்பதிவாளர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. காமிரா அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றது.

கருவி கீச்சென்று கத்தியது. நூற்று முப்பத்தெட்டு.

அச்சம் சாரின் முதுகில் வேர்வை ஊற்றெடுத்தது. அது அவருடைய அலுவலகத்தின் தரைத்தளப் பதிவறை. அந்த அலமாரிகளில் இருந்தவை இந்த உலகத்திலேயே இல்லாத கோப்புகள்.

பதினோரு வருஷத்துக்கு முன் அந்தத் தரைத்தளத்தில் ஒரு குழாய் உடைந்தது. தண்ணீர் கணுக்கால் அளவு வந்தது, மதியத்துக்குள் வடிந்தது. கட்டடத்தில் இருந்த ஒன்பது துறைகளும் கூடி ஆலோசித்து, அதை வெள்ளம் என்று அறிவித்தன. அறிவித்த பிறகு, பதிவறையில் முடிக்கப்படாமல் தேங்கிக் கிடந்த நாலாயிரத்துச் சொச்சம் மனுக்களும், ஏழடி உயர அலமாரிகளின் மேல்தட்டில் இருந்தவை உட்பட, அந்த வெள்ளத்தில் அழிந்துவிட்டதாகப் பட்டியல் போட்டார்கள். ஒன்பது துறைகளும் ஒரே நாளில் நிலுவையே இல்லாத துறைகளாக மாறின. பட்டியலின் அடியில் ‘என் கண்முன்னே அழிந்தன’ என்று கையெழுத்துப் போட வேண்டியவர் பதிவறை எழுத்தர். அப்போது பதிவறை எழுத்தர் நம் அச்சம் சார். மறுவருஷமே அவருக்கு அச்சப் பிரிவுக்குப் பதவி உயர்வு வந்தது. பதிவறைச் சாவியை யாரும் திரும்பக் கேட்கவில்லை. இல்லாத கோப்புகள் இருக்கும் அறைக்குச் சாவி எதற்கு?

இப்போது அந்தக் கோப்புகள் திரையில் ஆளுயரத்துக்கு, நன்றாகக் காய்ந்து, கொழுகொழுவென்று இருந்தன. மேல்தட்டின் ஓரத்தில் ஒரு மனு. மஞ்சள் புள்ளி போட்ட நீல நிறத் துணிப்பட்டையால் கட்டியது. அதைக் கட்டியவர் ஒரு தையல்காரர். அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரே வீட்டு எண் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு வரும் கடிதமெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. எண்ணை மாற்றித் தரச் சொல்லி மனுக் கொடுத்தார். அலுவலக நூல் இற்றுவிடும் என்று தானே ஒரு பட்டையை மடித்துத் தைத்துக் கட்டிக் கொடுத்தார். ‘வெள்ள’த்துக்குப் பிறகும் மாதாமாதம் வந்தார்.

“வெள்ளத்துல போயிடுச்சு, ஐயா.”

“மேல்தட்டுல வச்சிருக்கேன்னு சொன்னீங்களே சார்?”

“வெள்ளம் மேலே இருந்தும் வந்துச்சு.”

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி அச்சம் சார் பல வருஷங்களாக யோசித்துவந்தார். குளிக்கும்போது, முகம் மழிக்கும்போது, சும்மா இருக்கும்போது. சொன்னது வாயா, நானா? வாய் என்று வைத்துக்கொண்டால், அந்த வாயில்தானே பிறகு சோறும் போயிற்று?

விளக்குப் போட்டதும் செவிலியர் படிவத்தை எடுத்தார்.

“பயத்துக்குக் காரணம் என்னன்னு எழுதணும் சார்.”

“பேய்.”

“அப்போ பேய் திரையிலேயே இல்லையே. போயிடுச்சு. அலமாரி மட்டும்தான் இருந்துச்சு.”

“போன பேய் திரும்பி வந்துடுமோன்னு பயந்தேன்.”

செவிலியர் ‘எதிர்பார்ப்பு அச்சம்’ என்று எழுதிக்கொண்டார். ஆனால் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஏறிய துடிப்பு படம் முடியும்வரை இறங்கவேயில்லை. இறங்கினால்தான் மறுபடி ஏற முடியும். மறுபடி ஏறினால்தான் இரண்டாவது பயம். முப்பத்தெட்டு நிமிஷம் நீடித்த ஒரே பயத்துக்கு விதியில் இடமில்லை. ஆகவே படம் மேல்நிலைக் குழுவுக்குப் போக வேண்டியதாயிற்று.

மைத்துனன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். “அத்தான்! நூத்து முப்பத்தெட்டு! என் தெய்வமே!”

“அந்த அலமாரிக் காட்சியை வெட்டிடு.”

“வெட்டறதா? படத்துலேயே நீங்க பயந்த ஒரே இடம் அதுதான் அத்தான். இன்னும் ரெண்டு நிமிஷம் நீட்டப் போறேன்.”

“பேயே இல்லாத காட்சிடா அது!”

“அதான் அத்தான் கலை.”

வீட்டுக்கு வந்ததும் அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். ஆணியில் சாவி தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

“இந்தச் சாவியை யாரு அவன்கிட்ட குடுத்தது?”

“நான்தான். லீவு நாள்ல ஒரு ரூமு வேணும்னான். செட்டுப் போட வழியில்லாம புள்ள தவிக்குது. பூட்டிக் கெடக்கிற ரூமுதானே? குடி முழுகிப் போச்சா?”

“முழுகலை. அதுதான் பிரச்சினை. ஒண்ணுமே முழுகலைன்னு இப்போ ஊருக்கே தெரியப் போகுது.”

ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பட்டியலில் இருந்தது அவர் ஒருவர் கையெழுத்து. அன்று அவள் பரிமாறிய சோற்றை அவர் எண்ணிக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை.

சந்தேகம் எழும்போது, அதே கட்டடத்தின் பிற துறைத் தலைவர்களைச் சுதந்திரமான பார்வையாளர்களாக அழைக்க வேண்டும் என்பது மேல்நிலைக் குழுவின் விதி. ஆகவே அச்சம் சாரின் தலைமை அதிகாரியோடு சேர்த்து ஒன்பது பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்பது விரல்களில் ஒன்பது கருவிகள். பேய் சொத்துத் தகராறைச் சொல்லும்போது நால்வர் தூங்கினார்கள். நிலத்துறைத் தலைவர் மட்டும், பேயின் பங்கு சட்டப்படி செல்லாது என்று முணுமுணுத்தார். பிறகு அலமாரி வந்தது. ஒன்பது கருவிகளும் ஒன்றாகக் கத்தின.

விளக்குப் போட்டார்கள்.

“என்னா பேய்!” என்றார் தலைமை அதிகாரி, கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

“ஆமா சார். அந்த முழி இருக்கே!” என்றார் நிலத்துறைத் தலைவர். போர்வைக்குள் இருந்த பேய்க்கு முழி தெரியவே இல்லை.

“சிரிப்பும் சரியில்லை” என்றார் குடிநீர்த் துறைத் தலைவர். பேய் படத்தில் சிரிக்கவும் இல்லை.

“தடை பண்ணிடலாம்” என்றார் தலைமை அதிகாரி.

சட்ட ஆலோசகர் எழுந்தார். “தடைக்குக் காரணம் எழுதணும் சார்.”

“பயமா இருக்குன்னு எழுதுங்க.”

“பயமா இருந்தா முத்திரை குடுக்கணும்னுதான் ஆணை. பயந்ததுக்காகத் தடை பண்ண முடியாது.”

“அப்போ அந்தக் காட்சியை மட்டும் வெட்டச் சொல்லுங்க.”

“வெட்டற காட்சியில என்னென்ன பொருள் தெரியுதுன்னு ஒரு பட்டியல் இணைக்கணும் சார்.”

“அறையைக் காலி பண்ணிட்டா?” என்றார் நிலத்துறைத் தலைவர்.

“அறையில ஒண்ணுமே இல்லையே சார். இல்லாததை எடுக்கறதுன்னா அதுக்கு ஓர் ஆணை வேணும். ஆணைக்கு ஒரு கோப்பு வேணும். அந்தக் கோப்பை வைக்க ஓர் அறை வேணும்.”

அச்சம் சாருக்குத் திடீரென்று நெஞ்சில் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. அவர் எழுந்தார்.

“சார், கோப்பெல்லாம் இருக்குன்னு உண்மையைச் சொல்லிட்டா என்ன?”

“எந்தக் கோப்பு?” என்றார் தலைமை அதிகாரி.

ஒன்பது முகங்களும் அவரைப் பார்த்தன. நிமிர்ந்தது படுத்துக்கொண்டது. “ஒண்ணுமில்லை சார்” என்று உட்கார்ந்தார்.

கடைசியில் ஓர் அருமையான முடிவுக்கு வந்தார்கள். இருப்பதிலேயே உயர்ந்த முத்திரையைக் கொடுத்துவிடுவது. கொடுத்து, சுவரொட்டியில் பாதியை அடைத்துக்கொள்ளும்படி ஓர் எச்சரிக்கையும் போடச் சொல்வது: ‘இப்படத்தைக் கண்டு ஒன்பது துறைத் தலைவர்கள் நிலைகுலைந்தனர். பொதுமக்கள் பார்க்காமல் தவிர்ப்பது நலம்.’ இதைப் படித்த பிறகு எவன் உள்ளே போவான் என்று தலைமை அதிகாரி கேட்டார். எவனும் போகமாட்டான் என்று எட்டுப் பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒன்பது அதிகாரிகளை ஒரே நேரத்தில் கதிகலங்க வைத்த பேயைக் கண்ணால் காணும் பாக்கியத்தை யார் விடுவார்கள்? முதல் நாளே அரங்கு நிரம்பி வழிந்தது. அச்சம் சார் கடைசி வரிசை மூலையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அரை மணி நேரத்தில் சனங்களுக்குப் பொறுமை போயிற்று. “பேய்க்குத் தண்ணி குடுத்தியே, எங்களுக்கும் ஆளுக்கொரு டம்ளர் குடும்மா!” என்று ஒருவர் கத்தினார். “இதுக்கா ஒன்பது பேர் பயந்தானுங்க? நம்ம வரியில சம்பளம் வாங்கறவனுக்குத் தைரியம்கூடவா இல்லை?” என்று இன்னொருவர். பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்தபோது அலமாரி வந்தது. மைத்துனன் சொன்னபடியே நீட்டியிருந்தான். காமிரா ஒவ்வொரு தட்டாக, ஒவ்வொரு கட்டாக, ஆற அமர நகர்ந்தது.

“நிறுத்துங்கய்யா!”

நாலாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். தையல்காரர். “அது என் துணி! நீலத்துல மஞ்சப் புள்ளி! நான் தச்சுக் கட்டினது!”

“மூணாவது தட்டு, இடது கோடி, அது எங்க அப்பா பென்ஷன் மனு!” என்று ஒரு பெண் குரல்.

“என் குழாய் இணைப்பு!”

“கொஞ்சம் கீழே இறக்குப்பா, அடித்தட்டைப் பார்க்கணும்!”

படம் ஓட்டுகிறவர் நல்ல மனிதர். நிறுத்திக் காட்டினார். கண்ணாடி வைத்திருந்தவர்கள் திரைக்கு அருகே போய் இல்லாதவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள். மறுவாரம் முதல், பேய் வரும் பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, அலமாரியை மட்டும் ஒரு நாளைக்கு ஆறு காட்சி போட்டார்கள். விமர்சகர்கள் விழித்துக்கொண்டார்கள். பேயைத் திரைச்சட்டத்துக்கு வெளியே நிறுத்திய துணிச்சலைப் பற்றி ஒருவர் மூன்று பத்தி எழுதினார். இனி பேய்ப்படம் என்றால் அலமாரி இல்லாமல் முடியாது என்றார் இன்னொருவர். அதன் பிறகு வந்த பேய்ப்படங்கள் எல்லாவற்றிலும் அலமாரி வந்தது. ஆனால் அவற்றில் கோப்பு இல்லை என்பதால் ஓடவில்லை.

இனி ஒளிப்பதில் பொருளில்லை என்று அச்சம் சாருக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். ஒரே வரி. ‘என் கண்முன்னே அழியவில்லை.’ கையெழுத்துப் போட்டார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு தன் கையெழுத்து தனக்கே அழகாகத் தெரிந்தது. திங்கட்கிழமை சாவியையும் கடிதத்தையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, ஊரே திரண்டு வந்து கேட்கப்போகும் கேள்விக்காகக் காத்திருந்தார். வேலை போகும். போகட்டும். ஓய்வூதியம் போகும். வீட்டில் அவள் சும்மா விடமாட்டாள். அதுவும் நியாயம்தான். வருகிறவர்களில் முதல் ஆளாகத் தையல்காரர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பத்து மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. ஒன்பது துறைத் தலைவர்களும் உடல்நலக் குறைவால் விடுப்பில் இருந்தார்கள். செவ்வாயும் யாரும் வரவில்லை. வழக்கமாக வருகிறவர்கள்கூட வரவில்லை. புதன்கிழமை பொறுக்க முடியாமல், இந்த நாலாயிரம் பேரும் எங்கேதான் போனார்கள் என்று பார்க்கக் கிளம்பினார்.

தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மைத்துனன் வீட்டுத் தெரு முனையிலேயே வரிசையின் நடுப்பகுதி இருந்தது. எல்லார் கையிலும் காகிதம். வாசலில் மேசை போட்டு மைத்துனன் உட்கார்ந்திருந்தான். மூக்குக்கண்ணாடி புதிதாக வந்திருந்தது. எதிரே நின்ற அம்மாளிடம், தலையை நிமிர்த்தாமல், “ரெண்டு நகல் கொண்டு வந்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

வரிசையில் பதினைந்தாவது ஆளாகத் தையல்காரர் நின்றார். அச்சம் சார் நேராக அவரிடம் போனார்.

“ஐயா, உங்க மனு அழியலை. நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

“தெரியுமே சார். படத்துல பார்த்தேனே” என்றார் தையல்காரர், கோபமே இல்லாமல்.

“இதோ சாவி. இப்பவே வாங்க. நானே எடுத்து, நானே எழுதி, நானே முத்திரை வாங்கித் தர்றேன். ஒரு மணி நேர வேலை. பதினோரு வருஷமா, ஐயா, அது ஒரு மணி நேர வேலைதான்.”

தையல்காரர் பதறிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, எடுத்துடாதீங்க சார்! எடுத்துட்டா அப்புறம் படத்துல எப்படி வரும்? ரெண்டாம் பாகத்துல என் மனுவைத்தான் பேய் கையில எடுத்துப் படிக்கப் போகுதாம். டைரக்டர் சொல்லியிருக்கார். முன்தட்டுக்கு மாத்தணும்னுதான் எழுதிக் குடுக்க வந்திருக்கேன்.”

“உங்க வீட்டு எண்?”

“அது கெடக்குது சார். இப்போ படத்துல வந்த தையல்காரர் வீடுன்னா தபால்காரரே தேடி வந்து குடுக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தபாலும் எனக்கேதான் வருது.”

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “அதென்ன நடுவுல புகுந்து பேச்சு? பார்த்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க, வரிசையில வாங்க சார்!”

அச்சம் சார் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். தெரு திரும்பி, இன்னொரு தெரு திரும்பி, அதன் கடைசியில், முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஒன்பது பேர் நின்றார்கள். தலைமை அதிகாரி அவரை அடையாளம் கண்டுகொண்டு கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்.

“வாங்க. நம்ம அலமாரியை மட்டும் கொஞ்சம் மங்கலாக் காட்டச் சொல்லணும். நீங்களும் அதுக்குத்தானே?”

அச்சம் சார் வாய் திறப்பதற்குள், முன்னாலிருந்து வாய்மொழியாகச் செய்தி ஒவ்வொருவராகக் கடந்து வந்தது: உணவு இடைவேளை, மூன்று மணிக்குத்தான் இனிமேல், அதுவும் இன்றைக்கு முடியுமா என்று தெரியாது. வரிசையில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. மூன்று தெருவும் அப்படியே தரையில் உட்கார்ந்தன.

தலைமை அதிகாரியும் கைக்குட்டையை அவிழ்த்துத் தரையில் விரித்து உட்கார்ந்தார். “பரவாயில்லை” என்றார் மனநிறைவோடு. “பையன் முறையா நடத்துறான்.”